செம்மஞ்சள் பொட்டு

நெஞ்சுயரத்தில் அளக்க வேண்டும்,
அதுதான் விதி.
நிலத்திலிருந்து நாலரை அடி மேலே
நாடாவைச் சுற்றி இழுத்தேன்.
அறுபத்தொரு சென்டிமீட்டர் விட்டம்.
ஸ்கார்பரோ, மோர்னிங்சைட் வீதி,
பஸ் தரிப்புக்குப் பின்னால்
ஆஷ் மரம், வரிசை எண் நூற்றுப் பதினேழு.

கையிலிருந்த திரை கணக்குப் போட்டது.
ஆண்டொன்றுக்குத் தாங்கும் மழை இத்தனை லீட்டர்,
விழுங்கும் கரி இத்தனை கிலோ,
நிழலால் மிச்சமாகும் மின்சாரம்,
எல்லாம் கூட்டி
இருநூற்றுப் பதினான்கு டொலர்.
கடைசியில் ஒரு பெட்டி: பிற பயன்கள்.
அதை எப்போதும் வெறுமையாய் விடுவேன்.
நிரப்பாவிட்டாலும் படிவம் போய்ச் சேரும்.

பிறகு டப்பாவைக் குலுக்கிப்
பட்டையில் ஒரு பொட்டு வைத்தேன்.
செம்மஞ்சள் என்றால் வெட்ட வேண்டியது.
அன்று மட்டும் நாற்பது பொட்டு.

மறுவாரம் சரிபார்க்கப் போனேன்.
காலை ஆறே முக்கால், ஐப்பசிக் குளிர்.
மரத்தில் கை வைத்தபடி ஒருத்தி.
வெதுப்பகத்தின் இரவு வேலை முடிந்த கோலம்,
சப்பாத்தில் மா,
தலைவலையைக் கழற்ற மறந்திருந்தாள்.
கண் மூடவில்லை, உதடு அசையவில்லை.
பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டு
மாட்டின் கழுத்தில் வைப்பதுபோல்
சும்மா வைத்திருந்தாள்.
வேரிடுக்கில் ஒரு துண்டுப் பாண்.

"யாரோ பொட்டு வச்சிருக்கினம்," என்றாள்.
"என்னைப் போல இன்னொரு ஆள் இருக்கெண்டு
சந்தோசப்பட்டனான்."

மேலங்கியில் இருந்த மாநகர இலச்சினையைக்
கையால் மறைத்தேனோ என்னவோ.
பிறகு சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை.
"என்ன வருத்தம் இதுக்கு?"

கத்தியால் பட்டையை நெம்பிக் காட்டினேன்.
வண்டுப் புழு தின்று போன பாதைகள்,
வளைந்து, திரும்பி, மறுபடி வளைந்து,
ஓடும் வண்டியில் எழுதிய கடிதம்போல.
ஒரு வரியை விரலால் தொடர்ந்து போனாள்.
"ஒரு இடத்திலயும் நேராப் போகேல்லைப் பாருங்கோ."

"இஞ்சத்தைப் பூச்சியில்லை," என்றேன்,
பயிற்சியில் படித்ததை ஒப்பிக்கும் குரலில்.
"பலகைக்குள்ள ஒளிச்சுக்
கப்பல்ல வந்ததாம்."

கப்பல் என்ற சொல்லில்
அவள் விரல் நின்றது.

ஒரு பஸ் வந்தது. கதவு திறந்து
பெருமூச்சு விட்டு
மூடிக்கொண்டு போனது.

"எத்தினை நாள்?"
தெரியாது என்றேன்.
"எங்களுக்கு மூண்டு மாசம்."
பட்டைத் துண்டை எடுத்து
இருந்த இடத்தில் பொருத்திப் பார்த்தாள்.
ஒட்டவில்லை.
"அதுக்கும் பசிச்சிருக்கும்," என்றாள்.
"ஆனா மரம் என்ன செய்தது?"

கும்பிடுவீங்களோ என்று கேட்டேன்.
சிரித்தாள்.
"சாமியெண்டு இல்லைத் தம்பி.
இரவெல்லாம் மெசின் அதிர்ந்து
விடிய வெளியில வந்தால் கை நடுங்கும்.
இதில வச்சால் நிண்டுபோகும்.
ஏனெண்டு நான் கேட்கேல்லை,
அதுவும் சொல்லேல்லை."

பெயரும் கேட்டேன். சுகிர்தமலர்.

வண்டியில் இருந்து படிவத்தைத் திறந்தேன்.
பிற பயன்கள்: கை நடுக்கம் நிற்கும்.
திரை சிவந்தது.
எண் மட்டுமே இடலாம்.

ஒன்று என்று இட்டேன்.
ஒரு கையா, ஒரு ஆளா,
ஒரு டொலரா என்று
மேலதிகாரி இதுவரை கேட்கவில்லை.
இருநூற்றுப் பதினைந்து என்று
கோப்பில் கிடக்கிறது.

கார்த்திகையில் வெட்டினோம்.
அடிக்கட்டையை அரைத்துத் தூளாக்கினோம்.
தூளைப் பனி மூடியது.

சித்திரையில் அதே இடத்தில்
கட்டைவிரல் பருமனில் ஒரு மேப்பிள் கன்று,
இரண்டு முளைக்குச்சிகளுக்கு நடுவே
பிணையில் வந்த ஆள்போல.

ஒரு காலை அவ்வழியே போனேன்.
அவள் நின்றாள்.
கை வைக்க அதில் இடமில்லை.
மாப் படிந்த இரண்டு விரல்களால்
மெல்லப் பிடித்துக்கொண்டு
நாடி பார்ப்பவள்போலக்
குனிந்திருந்தாள்.

பஸ் வந்தது.
அவள் ஏறவில்லை.